ஜிடி கார்ப் பந்தய வகுப்புகள்: எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஜிடி பந்தயம் என்பது சாலையில் ஓடும் விளையாட்டுக் கார்களை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்படும் கார்களுக்கான பந்தயம் ஆகும். ‘கிரான் டூரிஸ்மோ’ என்ற இத்தாலியத் தொடரின் சுருக்கமே ஜிடி. நெடுந்தொலைவுப் பயணத்துக்கு ஏற்ற வேகமான கார் என்பது அதன் பொருள். ஃபார்முலா 1 தடத்தில் ஓடும் காருக்குச் சாலையில் உறவினர் யாரும் இல்லை. ஜிடி தடத்தில் ஓடும் போர்ஷேக்கும் ஃபெராரிக்கும் உண்டு. இந்த நெருக்கமே ஜிடி பந்தயத்தின் கவர்ச்சி. அந்த நெருக்கத்தை எவ்வளவு தூரம் காப்பாற்றுவது என்பதே அதன் தீராத சிக்கலும் ஆகும்.

2025 ஜனவரியில் நடந்த துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி 992 வகுப்பில் மூன்றாம் இடம் பெற்றது. பயிற்சியில் ஏற்பட்ட விபத்துக்குப் பின் அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து விலகிய அஜித், அதே பந்தயத்தில் வேறோர் அணியின் ஜிடி4 காரை ஓட்டினார். அந்த நாட்களில் தமிழ்ச் செய்திகளில் ஜிடி3, ஜிடி4, 992 ஆகிய சொற்கள் அடிக்கடி வந்தன. ஒரே தடத்தில், ஒரே நேரத்தில் ஓடும் கார்களுக்கு ஏன் இத்தனை வகுப்புகள், மூன்றாம் இடம் என்றால் எவற்றுள் மூன்றாம் இடம் என்ற கேள்விகளும் எழுந்தன.

இவ்வகுப்புகள் பெரும்பாலும் வேகத்தின் படிகளாகவே விளக்கப்படுகின்றன: எண் சிறியதானால் வேகம் அதிகம், பெரியதானால் குறைவு. இது பாதி உண்மை மட்டுமே. ஒரு ஜிடி வகுப்பு மூன்று கேள்விகளுக்கான விடை. சாலைக் காரிலிருந்து பந்தயக் கார் எவ்வளவு விலகலாம்? செலவை யார் ஏற்கிறார்? ஓட்டுபவர் யார்? இம்மூன்றையும் கேட்காமல் ஒரு வகுப்பின் வெற்றியை மதிப்பிட முடியாது.

பெயர்க் குழப்பம்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். போர்ஷே நிறுவனம் தன் சாலைக் கார்களுக்கே 911 ஜிடி3, கேமன் ஜிடி4 என்று பெயர் வைத்திருக்கிறது. அதனால் 911 ஜிடி3 கப் என்ற பந்தயக் காரைப் பலர் ஜிடி3 வகுப்புக் கார் என்று எண்ணிவிடுகின்றனர். அது அப்படியல்ல. ஜிடி3 வகுப்புக்கென போர்ஷே தயாரிப்பது 911 ஜிடி3 ஆர். ஜிடி3 கப் என்பது அந்த ஒரு மாதிரிக் கார் மட்டுமே மோதும் பந்தயங்களுக்கானது. 992 என்பது 911 காரின் இப்போதைய தலைமுறைக்கு நிறுவனம் இட்ட உள் எண். துபாய்ப் பந்தயத்தின் 992 வகுப்பில் ஓடுபவை இந்த கப் கார்களே.

விலை இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். 992 தலைமுறைக் கார்கள் அறிமுகமானபோது, வரி நீங்கலாக, கப் காரின் விலை 2,25,000 யூரோ. ஜிடி3 ஆர் காரின் விலை 5,67,000 யூரோ. பெயரில் ஓர் எழுத்தும் ஒரு சொல்லும்தான் வேறுபாடு. விலையிலோ இரண்டரை மடங்கு.

ஜிடி1: விதியின் எழுத்தும் நோக்கமும்

1990-களின் நடுவில் ஜிடி பந்தயத்தின் உச்ச வகுப்பு ஜிடி1. அதன் தொடக்கம் நேர்மையானது. 1995-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர் வென்றது. சாலைக்கென வடிவமைக்கப்பட்ட கார் பின்னர் பந்தயத்துக்கு மாற்றப்பட்டு, பந்தயத்துக்கென்றே பிறந்த முன்மாதிரிக் கார்களையும் முந்தியது. ஜிடி என்ற கருத்துக்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை.

அந்த வெற்றி மற்ற நிறுவனங்களுக்கு வேறொரு பாடத்தைச் சொன்னது. சாலைக் காரைப் பந்தயக் காராக்குவதைவிட, பந்தயக் காரை உருவாக்கிவிட்டு அதற்குச் சாலை உரிமம் வாங்குவது எளிது என்பதே அந்தப் பாடம். 1996-இல் வந்த போர்ஷே 911 ஜிடி1 காரின் முன்பகுதி 911 காருடையது. பின்பகுதியோ 962 என்ற பழைய முன்மாதிரிப் பந்தயக் காரின் வழியில் அமைந்தது. 1997-இல் வந்த மெர்சிடிஸ் சிஎல்கே ஜிடிஆர் முதலில் பந்தயத் தடத்தில் ஓடியது. விதி கேட்ட சாலைக் கார்கள் பின்னர்தான் கட்டப்பட்டன. சாலைக் காருக்குரிய பெட்டி வைக்கும் இடம் வேண்டும் என்றது விதி. டொயோட்டா ஜிடி-ஒன் காரில் காலியான எரிபொருள் தொட்டிக்குள் ஒரு பெட்டி அடங்கும் என்று காட்டி அந்த நிபந்தனையை நிறைவேற்றினார்கள்.

விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டது, நோக்கம் போய்விட்டது. விளைவு விரைவில் வந்தது. 1998 எஃப்ஐஏ ஜிடி தொடரின் பத்துச் சுற்றுகளையும் மெர்சிடிஸ் கார்களே வென்றன. அந்தச் செலவுக்கு ஈடுகொடுக்க யாரும் முன்வரவில்லை. 1999-இல் ஜிடி1 வகுப்பே அத்தொடரில் இல்லை. ஜிடி2 கார்களைக் கொண்டு தொடர் நடந்தது.

பின்னர் 2010-இல் உலகத் தொடராக ஜிடி1 புத்துயிர் பெற்றது. அதுவும் நீடிக்கவில்லை. 2012-இல் தொடரின் பெயர் ஜிடி1 என்றே இருந்தது, ஓடியவை ஜிடி3 கார்கள். வகுப்பின் பெயருக்கும் பொருளுக்கும் இடையே விழுந்த இடைவெளியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு ஜிடி வரலாற்றில் இல்லை.

ஜிடிஇ: பொறியாளர்களின் வகுப்பு

ஜிடி2 வகுப்பே 2011-இல் ஜிடிஇ என்ற பெயரைப் பெற்றது. 2012-இல் தொடங்கிய உலக நெடுந்தூரப் பந்தயத் தொடரிலும் லெ மான்ஸிலும் இது இரு பிரிவாக நடந்தது: தொழில்முறை ஓட்டுநர்களுக்கு ஒன்று, தொழில்முறை சாராதவர் இடம்பெறும் அணிகளுக்கு ஒன்று.

ஜிடிஇ கார்களில் ஏபிஎஸ் பிரேக் அமைப்புக்கு அனுமதி இல்லை. அதிவேகத்திலிருந்து வளைவுக்குள் நுழையும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை அழுத்துவது ஓட்டுநரின் காலைப் பொறுத்தது. ஜிடி3 கார்களில் ஏபிஎஸ் உண்டு. இந்த ஒரு வேறுபாடே இரு வகுப்புகளும் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதைக் காட்டிவிடும்.

வடிவமைப்பிலும் ஜிடிஇ தாராளமாக இருந்தது. 911 காரின் அடையாளமே அதன் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதுதான். 2017-இல் போர்ஷே தன் 911 ஆர்எஸ்ஆர் காரில் எஞ்சினைப் பின்னச்சுக்கு முன்னால் நகர்த்தியது. காரின் அடியில் காற்று சீராக வெளியேற அதனால் இடம் கிடைத்தது. அதே நிறுவனத்தின் ஜிடி3 காரில் எஞ்சின் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆர்எஸ்ஆர் சிறந்த பொறியியல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது இன்னும் 911 தானா என்ற கேள்வி, 1990-களில் ஜிடி1 கார்களை நோக்கி எழுந்த அதே கேள்விதான்.

முடிவும் அதேபோல் அமைந்தது. 2018-19 உலகத் தொடரில் ஜிடிஇ தொழில்முறைப் பிரிவில் ஐந்து நிறுவனங்களின் பத்துக் கார்கள் முழுப் பருவமும் ஓடின. 2022-இல் அந்த எண்ணிக்கை ஐந்தாகச் சுருங்கியது. அந்த ஆண்டோடு தொழில்முறைப் பிரிவும், 2023-ஓடு ஜிடிஇ வகுப்பும் முடிவுக்கு வந்தன. 2024-இல் அதன் இடத்தில் எல்எம்ஜிடி3 வந்தபோது ஒன்பது நிறுவனங்களின் பதினெட்டுக் கார்கள் களமிறங்கின. அவை ஜிடிஇ கார்களைவிடச் சுற்றுக்குச் சில வினாடிகள் மெதுவானவை. எனினும் களம் நிறைந்தது.

ஜிடி3: வேகத்துக்குப் பரிசு இல்லாத வகுப்பு

2006-இல் ஸ்டெஃபான் ராட்டெலின் நிறுவனம் நடத்திய ஐரோப்பியத் தொடராகத் தொடங்கியது ஜிடி3. இன்று ஸ்பா 24 மணி நேரப் பந்தயம், நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயம், ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயம், மக்காவ் ஜிடி பந்தயம் ஆகியவற்றின் முதன்மை வகுப்பு அதுவே. ஜெர்மனியின் டிடிஎம் தொடரும் 2021-இல் ஜிடி3 கார்களுக்கு மாறியது. ஜிடி பந்தய வரலாற்றில் இவ்வளவு பரவிய வகுப்பு வேறில்லை.

அதன் அடித்தளம் ‘பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற திறன் சமனாக்க முறை, சுருக்கமாக பிஓபி. முன்பக்கம் எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட காரும், நடுவில் டர்போ எஞ்சின் கொண்ட காரும், பின்னால் ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட காரும் இயல்பாகச் சம வேகத்தில் ஓடா. எனவே அமைப்பாளர்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தபட்ச எடையை நிர்ணயிக்கின்றனர். எஞ்சினுக்குள் போகும் காற்றையோ டர்போ அழுத்தத்தையோ கட்டுப்படுத்துகின்றனர். தரையிலிருந்து காரின் உயரம், எரிபொருள் அளவு ஆகியவற்றையும் குறிக்கின்றனர். ஒரு கார் முந்திச் சென்றால் அடுத்த பந்தயத்தில் அதற்குச் சில கிலோ கூடலாம், பின்தங்கினால் குறையலாம்.

இதன் நன்மை செலவில் தெரியும். கோடிகளைக் கொட்டி அரை வினாடி கண்டுபிடிக்கும் நிறுவனத்திடமிருந்து அந்த அரை வினாடி பறிக்கப்படும் என்றால், கொட்டுவதில் பயனில்லை. 1998-இல் மெர்சிடிஸ் பெற்றதைப் போன்ற முற்றுரிமை இங்கே நடவாது. தனியார் அணி ஒன்று நிறுவனத்திடமிருந்து காரை வாங்கி, அதே நிறுவனத்தின் நேரடி ஆதரவு பெற்ற அணியோடு மோத முடிகிறது. ஜிடி1-ஐயும் ஜிடிஇ-யையும் கொன்ற நோய்க்கு பிஓபி மருந்தாக அமைந்தது என்பதை மறுக்க இயலாது.

மருந்தின் பின்விளைவு

ஆனால் பந்தயம் என்பது ஓர் அளவீடு. எது வேகமானது என்ற கேள்விக்கு அது விடை தருகிறது என்ற நம்பிக்கையில்தான் பார்வையாளர் 24 மணி நேரம் விழித்திருக்கிறார். வேகமான காரை மெதுவாக்கும் விதி அந்த நம்பிக்கையைத் தொடுகிறது.

2016 லெ மான்ஸ் பந்தயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சமனாக்க முறை ஜிடி3-க்கு மட்டும் உரியதல்ல; ஜிடிஇ-யும் அதன்கீழ்தான் நடந்தது. 1966-இல் லெ மான்ஸை வென்றதன் ஐம்பதாம் ஆண்டில், புதிய ஜிடி காருடன் ஃபோர்டு திரும்பி வந்தது. தகுதிச் சுற்றில் ஃபோர்டும் ஃபெராரியும் மற்றவர்களை விட்டு விலகி நின்றன. பந்தயத்துக்கு முன்பே அமைப்பாளர்கள் அளவுகளை மாற்றினர். ஃபோர்டின் டர்போ அழுத்தம் குறைக்கப்பட்டது. ஃபெராரிக்கு எடை கூட்டப்பட்டது. பந்தயத்தில் ஃபோர்டு வென்றது. தனியார் அணி ஒன்றின் ஃபெராரி இரண்டாவதாக வந்தது.

ஜோயி ஹேண்ட், டிர்க் முல்லர், செபாஸ்டியன் போர்டே ஆகிய மூவரும் ஓட்டிய ஓட்டத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. இருந்தும் அந்த வெற்றியைப் பற்றிய பேச்சில் ஓட்டுநர்களைவிட பிஓபி அட்டவணையே அதிகம் அடிபட்டது. முறையின் உண்மையான இழப்பு இதுதான். தோற்றவர் தோல்வியை ஏற்க மறுக்கவும், வென்றவரின் வெற்றி ஐயத்துக்கு உள்ளாகவும் அது வழி செய்கிறது.

இன்னொரு விளைவும் உண்டு. வேகத்தைக் காட்டினால் தண்டனை என்றால், காட்டாமல் இருப்பதே உத்தியாகும். முந்தைய பந்தயங்களிலும் சோதனைகளிலும் திறனை மறைத்து, பெரிய பந்தயத்தில் மட்டும் வெளிப்படுத்தும் பழக்கம் பற்றிய குற்றச்சாட்டு ஜிடி உலகில் ஓயாமல் எழுகிறது. அமைப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். உலகத் தொடரின் ஜிடிஇ தொழில்முறைப் பிரிவில் 2017-இல் கணக்கீட்டு வழியில் தானாக இயங்கும் சமனாக்கம் கொண்டுவரப்பட்டது. ஆனால் லெ மான்ஸுக்கு அது பொருந்தவில்லை. எல்எம்ஜிடி3 கார்களில் சக்கரத்துக்குச் செல்லும் முறுக்கு விசையை நேரடியாக அளக்கும் உணரிகள் பொருத்தப்படுகின்றன. எஞ்சின் என்ன தருகிறது என்பதை இனி ஒளிப்பது கடினம். கார் வளைவில் எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்பதை மட்டும் ஓட்டுநரின் கால் இன்னும் ஒளிக்கலாம்.

காரைப் பிரிக்காத வகுப்புகள்

ஜிடி3-இன் மற்றொரு மாற்றம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. இன்று பல தொடர்களில் வகுப்புகள் காரைக் கொண்டு பிரிவதே இல்லை. சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. முன்னணித் தொழில்முறை ஓட்டுநர் பிளாட்டினம். வேறு தொழிலில் பொருளீட்டி, ஆர்வத்தால் ஓட்டுபவர் பெரும்பாலும் வெண்கலம். ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் புரோ, தங்கம், வெள்ளி, வெண்கலம் போன்ற பிரிவுகள் இருந்தாலும் எல்லாம் ஜிடி3 கார்களே. அமெரிக்காவின் இம்சா தொடரில் ஜிடிடி புரோ, ஜிடிடி என்ற இரண்டுக்கும் கார் ஒன்றே. ஓட்டுநர் சேர்க்கைதான் வேறு.

எல்எம்ஜிடி3 அணிகளில் ஒரு வெண்கல ஓட்டுநராவது இருக்க வேண்டும். பந்தயத்தின் செலவில் பெரும்பகுதியை ஏற்பவர் பெரும்பாலும் அவர்தான் என்பதால், இந்த விதி விளையாட்டு விதியாகவும் பொருளாதார விதியாகவும் ஒருங்கே வேலை செய்கிறது. இதை இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை. லெ மான்ஸ் 1923-இல் தொடங்கிய காலம் முதலே செல்வந்த ஆர்வலர்கள் அதன் பகுதியாக இருந்துவருகின்றனர். ஆனால் முழுவதும் தொழில்முறை ஓட்டுநர்கள் ஜிடி கார்களில் மோதும் பிரிவு இப்போது லெ மான்ஸில் இல்லை என்பது இழப்பே. 2016-இல் ஃபோர்டும் ஃபெராரியும் நடத்திய போராட்டத்துக்கு இன்றைய விதிகளில் அங்கே இடம் கிடையாது.

ஜிடி4, ஜிடி2, கப் கார்கள்

ஜிடி4 கார்கள் சாலைக் கார்களுக்கு மிக நெருக்கமானவை. பாதுகாப்புக் கூண்டு, பந்தய டயர், பிரேக் ஆகியவற்றைத் தவிரப் பெரிய மாற்றங்கள் இல்லை. ஜிடி3 காரின் பெரிய பின் இறக்கையும் அது காரைத் தரையோடு அழுத்தும் விசையும் இங்கே கிடையா. விலை ஜிடி3 காரில் ஏறத்தாழப் பாதியோ அதற்கும் குறைவோ. புதிய ஓட்டுநருக்கு இது பள்ளிக்கூடம்.

எண்ணை நம்பக்கூடாது என்பதற்கு இன்றைய ஜிடி2 சான்று. பழைய ஜிடி2 ஜிடிஇ ஆன பிறகு, அப்பெயரில் ராட்டெலின் நிறுவனம் புதிய வகுப்பொன்றைத் தொடங்கியது. போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் கிளப்ஸ்போர்ட் போன்ற கார்களில் 700 குதிரைத்திறன் உண்டு. 911 ஜிடி3 ஆர் காரிலோ 565. ஆனால் ஜிடி2 கார்களில் காற்றழுத்தம் தரும் அமைப்புகள் குறைவு. நேர்ப்பாதையில் பறந்து, வளைவில் நிதானமாகப் போகும் கார்கள் இவை. வளைவில் உடலை வருத்தும் ஜிடி3 காரைவிட ஆர்வலர்களுக்கு இவை எளியவை என்பதே கணக்கு. எண்ணில் ஜிடி3-க்கு மேலே நிற்கும் இந்த வகுப்பு, ஓட்டுநர் தரத்தில் கீழே நிற்கிறது.

கப் கார்களின் நிலை வேறு. எல்லாரும் ஒரே மாதிரிக் காரை ஓட்டுவதால் சமனாக்க அட்டவணைக்குத் தேவையே இல்லை. 510 குதிரைத்திறன் கொண்ட 911 கப் கார் ஜிடி3 காரைவிட மெதுவானது, மலிவானது. ஆனால் அதில் கிடைக்கும் மூன்றாம் இடத்தின் பொருள் தெளிவானது: அதே காரை ஓட்டிய மற்ற அணிகளுள் இருவர் மட்டுமே முன்னால் இருந்தனர். எந்த அதிகாரியும் யாருக்கும் எடை கூட்டவில்லை. அந்த வகையில் துபாயில் கிடைத்த அந்த இடம், பெயரளவில் உயர்ந்த வகுப்புகளின் பல முடிவுகளைவிட நேரடியான அளவீடு.

ஜப்பானின் வழி

ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடர் வேறொரு விடையைக் கண்டது. அங்கே ஜிடி500, ஜிடி300 என்று இரண்டு வகுப்புகள். முற்காலத்தில் குதிரைத்திறனைக் குறித்த எண்கள் இவை. இப்போது பெயராக நிலைத்துவிட்டன. ஜிடி300-இல் ஜிடி3 கார்களும் உள்நாட்டில் உருவான கார்களும் கலந்து ஓடுகின்றன. ஜிடி500-இல் டொயோட்டா, நிசான், ஹோண்டா மூன்றும் பொதுவான கார்பன் உடற்கூட்டின்மீது தத்தம் எஞ்சினையும் மேலுடலையும் அமைக்கின்றன. ஜிடி500 கார் சாலைக் காரின் சாயல் கொண்ட பந்தயக் கார். அது வேறாக நடிப்பதில்லை. 1990-களின் ஜிடி1 கார்கள் செய்ததையே இது ஒளிவின்றிச் செய்கிறது.

சமநிலைக்கும் அங்கே வெளிப்படையான வழி உண்டு. ஓர் அணி பெறும் புள்ளிகளுக்கு ஏற்ப அதன் காரில் எடை கூடும். யாருக்கு ஏன் எடை கூடியது என்பதைப் புள்ளிப் பட்டியலைப் பார்க்கும் பள்ளி மாணவரும் கணக்கிட்டுவிடலாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2019-இல் இத்தொடரில் ஹோண்டா என்எஸ்எக்ஸ்-ஜிடி காரை ஓட்டினார். அவ்வாண்டு நவம்பரில் ஃபியூஜி தடத்தில், சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் மோதிய சிறப்புப் போட்டியின் முதல் பந்தயத்தை அவர் வென்றார். வழக்கமாக டயர் நிறுவனங்களும் தமக்குள் போட்டியிடும் தொடர் அது. அந்தப் போட்டியில் மட்டும் எல்லாருக்கும் ஒரே நிறுவனத்தின் டயர்.

மதிப்பீடு

ஜிடி வகுப்புகளின் வரலாறு ஒரே சிக்கலுக்கு மாறி மாறித் தேடிய தீர்வுகளின் வரலாறு. வேகத்துக்குப் பரிசளித்த ஜிடி1-உம் ஜிடிஇ-யும் மறக்க முடியாத கார்களைத் தந்தன. போட்டியாளர்களை இழந்து முடிந்தன. வேகத்துக்குப் பரிசளிக்காத ஜிடி3 களத்தை நிரப்பியது. வெற்றியின் மேல் ஒரு ஐயத்தை விட்டுவைத்தது. இரண்டில் எது மேல் என்றால், ஓடும் பந்தயம் ஓடாத பந்தயத்தைவிட மேல் என்றே சொல்ல வேண்டும். ஐந்து கார்கள் மட்டும் உள்ள தூய வகுப்பால் யாருக்கும் பயனில்லை.

எனவே பிஓபி-யை நீக்க வேண்டும் என்பது பொருத்தமான கோரிக்கை அல்ல. கோர வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, வெளிப்படைத்தன்மை. மாற்றப்பட்ட எடையும் அழுத்தமும் அறிவிக்கப்பட்டால் மட்டும் போதாது. எந்த அளவீட்டின்படி மாற்றப்பட்டன என்பதும் பார்வையாளருக்குத் தெரிய வேண்டும். சூப்பர் ஜிடி-யின் எடைக் கணக்கை யாரும் சதி என்று சொல்வதில்லை, ஏனெனில் அது எல்லார் கண்முன்னும் நடக்கிறது. இரண்டாவது, விளம்பரத்தில் நேர்மை. ஜிடி3 பந்தயத்தில் வெல்பவர்கள் ஓட்டுநர்களும், பிட்டில் நேரத்தை மிச்சப்படுத்தும் பணியாளர்களும், உத்தி வகுப்பவர்களும் ஆவர். தன் கார் மற்ற கார்களைவிட வேகமானது என்பதற்கு அந்த வெற்றியை நிறுவனம் சான்றாகக் காட்டுமானால், அந்த வகுப்பு தன் விதிகளின்படியே தர இயலாத ஒன்றை அது உரிமை கொண்டாடுகிறது.

ஜிடி பந்தயத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் வாசகர் வகுப்பின் எண்ணோடு நின்றுவிடாமல், கார்கள் எவ்வாறு சமமாக்கப்பட்டன, ஓட்டியவர்கள் எந்தத் தரத்தினர் என்பதையும் கேட்க வேண்டும். இரண்டும் தெரிந்த பிறகு, முடிவுப் பட்டியலின் பத்தாவது வரியில் கூட முதல் வரியைவிடப் பெரிய சாதனை ஒன்று கண்ணில் படலாம்.